முதுகில் ஒளிரும் பட்டை

ஸ்கூட்டருக்குக் கையுறை வாங்க ஸ்ரீரங்கத்திலிருந்து தில்லைநகர் கடைக்குப் போயிருந்தேன். அங்கே நரைத்த தாடிக்காரர் ஒருவர், பைக் ஓட்டுகிறவர்கள் போடும் விலை குறைந்த துணி ஜாக்கெட்டுகளின் முதுகுப்புறத்தை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்சூரன்ஸ் அலுவலகத்தில் ஓய்வு பெற்றவன் நான். யாரும் கேட்காமலே விதிமுறை சொல்வது பென்ஷனோடு சேர்ந்து வந்த பழக்கம்.

“தோள்ல, முழங்கையில பேடு இருக்கா பாருங்க. உள்ள இருக்கற மழைத்துணி கழட்டுற மாதிரி இருந்தா வெயிலுக்கும் இதுவே போதும்.”

“சரிங்க சார். முதுகுல ஒளிர்ற பட்டை அகலமா வேணும்.”

கடைக்காரர் சிரித்தார். “பின்னாடி ஆள் உட்கார்ந்தா பட்டை மறைஞ்சிடுங்க.”

“இப்ப யாரும் உட்கார்றதில்லைங்க. போன மழையில லால்குடி ரோட்டுல லாரிக்காரருக்கு எங்க வண்டி தெரியலையாம். எங்க வீட்டம்மாதான் பின்னாடி இருந்தாங்க.”

இழப்பீட்டு நடைமுறை அத்தனையும் தெரிந்த நான், பட்டை அகலமாக இருந்த ஒரு ஜாக்கெட்டைத் தேடி எடுத்து அவரிடம் நீட்டினேன்.

அவர் புது ஜாக்கெட்டோடு வெளியே போய் வண்டியை ஸ்டார்ட் செய்தார். இரண்டு கால்களையும் அழுத்தி ஊன்றி, தலையை லேசாகப் பின்னால் திருப்பிக் காத்திருந்தார். நகரவில்லை.

வாசலில் நின்ற நான், ஏனென்று தெரியாமல், “உட்கார்ந்தாச்சு, போங்க” என்றேன்.

தலையாட்டிவிட்டுக் கிளம்பினார். எனக்குத்தான் தலையாட்டினாரா என்பது இன்னும் தெரியவில்லை.