இடப்பக்கப் பெட்டி

ஸ்பீக்கரின் காகிதக் கூம்பில் பசை தடவினால் பாஸ், அதாவது அடித்தொனி, இறுகும் என்று நேற்று இங்கே பெருமையாகப் பதிவு எழுதியிருந்தேன்.

ஒப்பிட்டுக் காட்டுவதற்காக இடப்பக்கப் பெட்டியில் மட்டும் தடவியிருந்தேன். துணி மூடியிருப்பதால் வெளியே இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். இன்று நாகமலையிலிருந்து வந்த நண்பனிடம் இடப்பக்கத்தை மட்டும் போட்டுக் காட்டி, "வித்தியாசம் தெரியுதா மாப்ள?" என்றேன்.

"அம்புட்டுச் சுத்தமா இருக்குடா!"

கூம்பு, பசை, அதிர்வு என்று அவனை உட்காரவைத்து வகுப்பே எடுத்தேன்.

காபியோடு வந்த மனைவி சொன்னாள்: "காலையில தூசி தட்டிட்டு மாட்டையில ரெண்டு பெட்டியும் இடம் மாறிப்போச்சுங்க. நீங்க தடவுனது வலப்பக்கம் இருக்கு."

நண்பன் காபியையே பார்த்துக்கொண்டிருந்தான். வலப்பக்கத்தைப் போட்டேன். சளி பிடித்தவன்போலப் பாடியது.

இப்போது கொட்டாம்பட்டித் தம்பி ஒருவர் நேற்றைய பதிவில் கமெண்ட் போட்டிருக்கிறார்: "அண்ணே, நான் ரெண்டுலயும் தடவிட்டேன். காயுது."

அவருக்கு என்ன பதில் எழுத? நீங்களே சொல்லுங்கள்.