கட்டம் போட்ட மாப்பிள்ளை

ஞானசேகரன் கணிதத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவன். அல்சூரில் அம்மாவோடு இருந்துகொண்டு, எலெக்ட்ரானிக் சிட்டியில் படங்களைச் சுருக்கும் மென்பொருள் எழுதும் சின்னக் கம்பெனிக்குப் போய்வந்தான். ஒரு படத்தை ஆயிரக்கணக்கான சிற்றலைகளாகப் பிரித்து, பெரிய அலைகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தூக்கிப் போடுவது அவன் வேலை. எதை வைப்பது என்று முன்கூட்டியே முடிவு கிடையாது. அந்தந்தப் படத்தைப் பொறுத்தது. நேரியல் அல்லாத தோராயம் என்று அதற்குப் பெயர். கத்தரிக்காய் வாங்கும்போதும் அம்மாவிடம் அதைத்தான் பேசுவான்.

1998இல் வேலூரிலிருந்து ஒரு வரன் வந்தது. பெண் சரளா, கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்தாள். போட்டோவை ஈமெயிலில் அனுப்பச் சொன்னாள்.

"ஸ்டூடியோல எடுத்தத அப்படியே அனுப்புடா" என்றாள் அம்மா.

"பெருசும்மா, பாதியில லைன் கட்டாயிடும். நான் சுருக்கி அனுப்பறேன்."

சுருக்கினான். அசலுக்கும் சுருக்கியதுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்ற பிழைக் கணக்கு பிரமாதமாக வந்திருந்ததால் படத்தைத் திறந்து பார்க்கத் தோன்றவில்லை.

மறுநாள் சரளா போன் செய்தாள். "சட்டை ரொம்ப நல்லா இருக்குங்க. ஒவ்வொரு கட்டமும் தெளிவா தெரியுது. காலருக்கு மேல இட்லி மாதிரி ஒண்ணு இருக்கே, அது நீங்களா?"

சட்டையின் கறுப்பு வெள்ளைக் கட்டங்களே பெரிய அலைகளை எல்லாம் பிடித்துக்கொண்டிருந்தன. சாதுவான அவன் முகத்துக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

"மொத்தத்துல பிழை ரொம்பக் கம்மிங்க" என்றான் ஈனக்குரலில்.

"அந்தக் கம்மியிலதாங்க மூஞ்சி போயிடுச்சு."

நேரிலேயே பார்த்துவிடலாம் என்று சரளாவும் அவள் அப்பா பச்சைமுத்துவும் ரயிலேறி வந்தார்கள். அல்சூர் சோமேஸ்வரர் கோயிலில் சந்திப்பதாக ஏற்பாடு. ஞானசேகரன் வெள்ளைச் சட்டையில் வாசலிலேயே நின்றான். பச்சைமுத்து அவனைத் தாண்டிப் போய், தேங்காய்க் கடையில் நின்ற கட்டம் போட்ட சட்டைக்காரர் ஒருவரின் கையைப் பிடித்தார்.

"வணக்கம் மாப்ளே!"

அந்த ஆள் கன்னடக்காரர். பக்கத்திலேயே மனைவி. "யார்ரீ இவரு? ஏனு மாப்ளே?" என்று அந்தம்மா புடவையை இழுத்துச் செருகினாள்.

"நான்தாங்க மாப்பிள்ளை!" என்று ஞானசேகரன் ஓடி வந்தான். கன்னடத்திலும் தமிழிலும் மாறி மாறிச் சமாதானம் சொன்னான். சரளா தூணைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். பிறகு அவனை நிதானமாக ஏற இறங்கப் பார்த்தாள்.

"மூக்கு நல்லாத்தானே இருக்கு. அத ஏன் தூக்கிப் போட்டீங்க?"

தை மாதம் கல்யாணம். அதன்பின் ஒரு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு, முகத்துக்கென்று தனியாகப் பங்கு ஒதுக்கும் முறையை எழுதினான். கம்பெனி அதையே பயன்படுத்தத் தொடங்கியது. சரளாவுக்கு எலெக்ட்ரானிக் சிட்டியை அடுத்த பொம்மசந்திராவில் வேலை கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மூவரும் அல்சூர் ஏரிக்கரைக்குப் போவார்கள். அங்கே மசால் பூரித் தட்டில் கடைசி வாய் யாருக்கு என்று மாமியாருக்கும் மருமகளுக்கும் தகராறு நடக்கும்.