உயிரோடு இருந்தவனுக்கு வரைந்த மாலை

தொண்ணூறுகளின் நடுவில் நடந்த சங்கதி இது. அம்பை என்று நாங்கள் சொல்கிற அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில், மணிமுத்தாறு போகிற ரோட்டில் இருக்கிறது எங்கள் ஊர். மாஞ்சோலை எஸ்டேட்டுக்கு மலை ஏறுகிற பஸ், எங்கள் ஊர் நூலகத்துக்கு எதிரேதான் நின்று போகும். அந்த நூலகத்தின் நீளமான மதில் சுவரில்தான் எல்லாம் நடந்தது.

நான் அப்போது பிளஸ் டூ கணக்கில் கோட்டை விட்டுவிட்டு, வீட்டில் தினமும் அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். ஊரிலும் நிலைமை சரியில்லை. மேலத்தெருவுக்கும் கீழத்தெருவுக்கும் பெரிய சண்டை வந்து, போலீஸ் வேன் வந்து நின்று, ஒருவழியாக அடங்கியிருந்த சமயம். அடங்கியது என்றால் வெட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். ஒரு தெருப் பையன் நிற்கிற டீக்கடையில் அடுத்த தெருப் பையன் எட்டிக்கூடப் பார்க்க மாட்டான்.

அந்தச் சமயத்தில் ஒரு சேவை மையத்துக்காரர்கள் வந்தார்கள். வேலை வெட்டி இல்லாமல் சுற்றுகிற பிள்ளைகளைச் சேர்த்து, கடைப் பலகை எழுதவும் படம் வரையவும் பழக்கிவிடுகிறோம் என்றார்கள். அம்பையில் போர்டு எழுதும் கடை வைத்திருந்த ஒருத்தரை மாஸ்டராகக் கூட்டி வந்தார்கள். பழகுவதற்கு நூலகச் சுவரையே கொடுத்தார்கள். சுவர் முழுக்க ஊர்க்காரர்களின் முகங்களை வரைய வேண்டும் என்பது ஏற்பாடு. இரண்டு தெருப் பிள்ளைகளும் வந்தார்கள். வீட்டில் திட்டு வாங்குவதற்கு வெயிலில் காய்வது மேல் என்று, பெண்பிள்ளையாக இருந்தாலும் நானும் போய்ச் சேர்ந்தேன்.

ஆனால் ஊரில் ஒருத்தர்கூட முகம் காட்டச் சம்மதிக்கவில்லை. சுவரில் ஏறினால் ஆயுசு குறைந்துவிடும் என்று பெரியவர்கள் ஓடிப்போனார்கள். மாஸ்டர் யோசித்தார். "அப்ப உங்க மூஞ்சியவே வரைங்கலே" என்றார். அதிலும் ஒரு கண்டிஷன். தன் தெருக்காரனை வரையக் கூடாது, அடுத்த தெருக்காரனைத்தான் வரைய வேண்டும். முதல் நாள் ஒருத்தனை ஒருத்தன் முறைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான்கள். ஒரு முகத்தை வரைய வேண்டும் என்றால் அதை மணிக்கணக்கில் பார்த்தாக வேண்டும். எத்தனை நேரம்தான் முறைப்பான்கள். கொஞ்ச நாளில், "மூக்க ஆட்டாத வே, கோணப் போவுது" என்று கேலி பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

எந்தத் தெருவிலும் சேராத பையன் ஒருத்தனும் எங்களோடு இருந்தான். மாஞ்சோலையிலிருந்து இறங்கி வந்தவன், அதனால் அவனை மாஞ்சோலைக்காரன் என்றே கூப்பிடுவோம். மையத்துக்காக எடுத்திருந்த வீட்டின் பின்னால் இருந்த சின்ன அறையில் படுத்துக்கொள்வான். காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து சுவரைக் கழுவி வைத்திருப்பான். வீட்டைப் பற்றிக் கேட்டால் மட்டும், தனக்கு யாரும் கிடையாது என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவான். நாங்களும் தோண்டித் துருவவில்லை.

அவன் முகத்தை வரைந்தது கீழத்தெருப் பையன் ஒருத்தன். கல்யாண வீட்டு வாசலில் வைக்கிற வரவேற்புத் தட்டி எழுதிப் பழகியவன், அதனால் அவனுக்குத் தட்டிக்காரன் என்று பேர். சும்மா சொல்லக் கூடாது, சுவரிலேயே அந்த முகம்தான் எடுப்பாக வந்திருந்தது. எழுத்தும் பழக வேண்டும் என்பதால் ஒவ்வொரு முகத்துக்கும் கீழே பேரைப் பெரிதாக எழுதியிருந்தோம்.

ஆனி மாதம் ஒரு நாள். மாஸ்டர் பெயிண்ட் வாங்கத் திருநெல்வேலிக்குப் போயிருந்தார். கேட்க ஆள் இல்லை என்றதும் தட்டிக்காரனுக்குக் கை நமநமத்தது. கல்யாணத் தட்டியில் மாப்பிள்ளை முகம் எழுதினால் மாலை போடாமல் அவனால் விட முடியாது. இந்த முகத்துக்கும் மாலை போட்டே தீருவேன் என்று நின்றான். ஆனால் கழுத்தும் சட்டைக் காலரும் ஏற்கெனவே எழுதி முடிந்திருந்தது. அதைத் தொட்டால் மாஸ்டர் தோலை உரித்துவிடுவார். அதனால் முகத்தைச் சுற்றி, மேலே இரண்டு மூலையிலிருந்து கீழே தொங்குகிற மாதிரி, தடியாக ஒரு கேந்திப்பூ மாலையை எழுதி வைத்துவிட்டான்.

பார்த்ததும் விழுந்து விழுந்து சிரித்தோம். "ஏலே, உயிரோட இருக்கவன போட்டோவுல ஏத்திட்டியேலே" என்றான் ஒருத்தன். மாஞ்சோலைக்காரனே அதற்குக் கீழே போய், மூக்கில் பஞ்சு வைத்துக்கொண்டு, கண்ணை மூடி நின்று காட்டினான். நானும்தான் வயிறு வலிக்கச் சிரித்தேன். மறுநாள் மாஸ்டர் வருவதற்கு முன்னால் அழித்துவிடலாம் என்று வீட்டுக்குப் போய்விட்டோம். அன்றைக்குச் சந்தை நாள். சந்தைக்கு இறங்கின எஸ்டேட் ஆட்கள் சாமான் மூட்டையோடு ஏறிப் போகிற சாயங்கால பஸ் அந்தச் சுவருக்கு எதிரேதான் நிற்கும். அது எங்கள் யார் புத்தியிலும் உறைக்கவில்லை.

மறுநாள் காலை நானும் தட்டிக்காரனும் இன்னும் சில பையன்களும் வந்து, மாலையை அழிக்க வெள்ளை கலக்கிக்கொண்டிருந்தோம். மாஞ்சோலைக்காரனை மட்டும் காணவில்லை. மலையிலிருந்து முதல் பஸ் வந்து நின்றது. அதிலிருந்து ஒரு அம்மாவை இரண்டு பெண்கள் கைத்தாங்கலாக இறக்கினார்கள். தலை அவிழ்ந்து கிடந்தது. காலில் செருப்பு இல்லை. பின்னால் இறங்கின ஆண்களில் ஒருத்தர் கையில், வீட்டில் பூத்ததைப் பறித்துக் கட்டின மாலை. இன்னொருத்தர் கக்கத்தில், பிணத்துக்குப் போர்த்துகிற கோடி வேட்டி. ஊரில் யார் வீட்டிலோ துஷ்டி போல, நமக்குத் தெரியவில்லையே என்று நான் நினைத்தேன்.

கோடி வேட்டி வைத்திருந்தவர் நேராக என்னிடம் வந்தார். கண் சிவந்து கிடந்தது.

"பிள்ளைய எங்கன போட்டிருக்கீய தாயி?" என்று கேட்டார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. எந்தப் பிள்ளை என்றேன். அவர் சுவரைக் காட்டி, மாஞ்சோலைக்காரனின் பேரைச் சொன்னார். தான் அவனுக்குத் தாய்மாமன் என்றும் சொன்னார்.

இப்போது நினைத்தால், நேற்றுச் சாயங்கால பஸ்ஸில் ஏறினவர்கள் நாங்கள் எழுதின மாலையைப் பார்த்து மேலே சேதி சொல்லித்தான் வந்திருக்கிறார்கள் என்று உடனே புரிந்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் புத்தி அப்படி ஓடவில்லை. தினமும் முதல் ஆளாக வருகிறவன் இன்றைக்கு ஏன் வரவில்லை என்றுதான் ஓடியது. கார் சாகுபடிக்கு அணையைத் திறந்து ஆற்றில் தண்ணீர் முட்டிப் போய்க்கொண்டிருந்தது. அவனோ விடியும் முன்னே ஆற்றுக்குக் குளிக்கப் போகிறவன். அய்யோ, நமக்குத் தெரியும் முன்னே இவர்களுக்குச் சேதி போய்விட்டதா? நேற்று விளையாட்டாகப் போட்ட மாலை இன்றைக்குப் பலித்துவிட்டதா? பக்கத்தில் பார்த்தால் தட்டிக்காரன் வெள்ளை டின்னை அப்படியே கீழே போட்டுவிட்டு ரோட்டில் உட்கார்ந்துவிட்டான். அவனுக்கும் அதே நினைப்புதான் என்று அவன் முகத்திலேயே தெரிந்தது.

அதற்குள் அந்த அம்மா சுவரிடம் போய்விட்டாள். மகன் முகத்தை இரண்டு கையாலும் தடவினாள். கன்னத்தைச் சுவரில் வைத்து, கையை விரித்துச் சுவரையே கட்டிக்கொண்டு ஓலமிட்டாள்.

"எய்யா, செத்துத் தொலைன்னு சொன்னேனே. இந்தப் பாழாப்போன வாயால நான்தான சொன்னேன். அந்தச் சொல்லயா கேக்கணும், வேற ஒண்ணும் கேக்க மாட்டியே ராசா."

அப்போதுதான் விஷயம் எங்களுக்கு வெளிச்சமானது. எஸ்டேட்டில் வேலையில் இருக்கிறவரைக்கும்தான் வீடு. வேலை முடிந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். புருஷன் இல்லாதவள், தனக்குப் பிறகு மகன் அந்த வேலையில் சேர்ந்தால்தான் தலைக்கு மேல் கூரை நிற்கும் என்று இருந்திருக்கிறாள். இவனோ அட்டைக்கடியும் மழையும் எனக்கு வேண்டாம், நான் படம் வரையப் போகிறேன் என்று நின்றிருக்கிறான். சண்டை முற்றி, செத்துத் தொலை, என் கண்ணில் முழிக்காதே என்று விரட்டியிருக்கிறாள். அவன் இறங்கி வந்தவன்தான், அதற்குப் பிறகு வீட்டுப் பக்கமே போகவில்லை. இதையெல்லாம் அவள் அந்தச் சுவரிடம் சொல்லிச் சொல்லித் தலையை முட்டினாள். கூட வந்த பெண்கள் இழுத்தும் அவளை விலக்க முடியவில்லை.

ரோட்டில் கூட்டம் கூடிவிட்டது. எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை. யாரையாவது ஆற்றுக்கு அனுப்பிப் பார்க்கச் சொல்ல வேண்டும் என்று திரும்பினேன். கூட்டத்துக்குப் பின்னால், தோளில் துவைத்த துணியும் கையில் வாளியுமாக மாஞ்சோலைக்காரன் நின்றுகொண்டிருந்தான். பக்கத்தில் நின்ற ஆளிடம், "யாரு வே போயிட்டாவ?" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

அவன் எட்டிப் பார்த்தான். தன் முகத்தைக் கட்டிக்கொண்டு தன் தாய் அழுவதைப் பார்த்தான். ஓடி வருவான் என்று நினைத்தேன். வரவில்லை. அசையாமல் நின்றான். அவள் சொல்லி அழுத ஒவ்வொரு சொல்லும் அவன் காதில் விழுந்தது. தான் போனதில் அவளுக்குச் சனியன் விட்டது என்றுதான் இருக்கும் என நினைத்திருந்தானாம், பின்னால் ஒருநாள் சொன்னான். கூட்டம் அவனைப் பார்த்துவிட்டு, ஒருத்தர் பின் ஒருத்தராக விலகி வழிவிட்டது.

"யம்மா" என்றான்.

அவள் திரும்பினாள். அவனைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், மறுபடி அவனைப் பார்த்தாள். கட்டிக்கொள்ளவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து, தவழ்ந்து போய், அவன் இரண்டு காலையும் கையால் பிடித்துப் பார்த்தாள். பேய்க்குக் கால் தரையில் படாது என்பார்களே, அதற்காகத்தான். பாதத்தை அழுத்திப் பார்த்தாள், விரலைப் பிடித்துப் பார்த்தாள். ஈரமும் மணலுமாக இருந்த கால். உயிருள்ள கால்தான் என்று உறுதியானதும் எழுந்து, அவன் கன்னத்தில் விட்டாள் ஒரு அறை. அடுத்து இன்னொன்று. கை ஓய்கிறவரைக்கும் அடித்துவிட்டு, அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவளும் அழ, அவனும் அழ, வேடிக்கை பார்க்க வந்தவர்கள்கூட அழுதார்கள்.

எங்களுக்கு நிஜமான பயம் அதற்குப் பிறகுதான் வந்தது. தாய்மாமன் கோடி வேட்டியைத் தூர எறிந்துவிட்டு, "யாருலே இத வரைஞ்சது?" என்று கேட்டார். நியாயமான கோபம். எங்கள் ஊரில் இதைவிடச் சின்னக் காரியத்துக்கு அரிவாள் எடுத்திருக்கிறார்கள். தட்டிக்காரன் எங்களுக்குப் பின்னால் போய் ஒதுங்கினான். மேலத்தெருப் பையன்கள் கையைக் காட்டினால் போதும், அவன் கதை முடிந்தது. சில மாதத்துக்கு முன்னால் என்றால் சந்தோஷமாகக் காட்டியிருப்பான்கள்.

மேலத்தெருப் பையன் ஒருத்தன் முன்னால் வந்தான். சண்டையின்போது கம்போடு முன்னால் நின்றவன் அவன்.

"எல்லாரும் சேந்துதான் வரைஞ்சோம், அண்ணாச்சி. அடிக்கணும்னா எல்லாரையும் அடிங்க" என்றான்.

மற்றவர்களும் அவன் பக்கத்தில் போய் நின்றார்கள். நானும் போய் நின்றேன். மாமன் எங்களை மாறி மாறிப் பார்த்தார். ஓங்கின கையைக் கீழே போட்டுவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய் நூலக வாசல் திண்டில் உட்கார்ந்தார்.

அந்த அம்மா மட்டும் சுவருக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள். கடைசிப் பூவையும் அழிக்கிறவரை எழுந்திருக்க மாட்டேன் என்றுவிட்டாள். தட்டிக்காரன்தான் அழித்தான். ஒவ்வொரு பூவாக வெள்ளை பூசினான். அவளிடம் மன்னிப்புக் கேட்கப் போனான். அவளே முந்திக்கொண்டு பேசினாள்.

"எம்புள்ள மூஞ்சிய அப்படியே எடுத்து வச்சிருக்க. நல்லா இல்லாம இருந்தா நம்பியிருக்க மாட்டேன்லா."

திட்டியிருந்தால்கூட அவன் தாங்கியிருப்பான். அதைக் கேட்டுவிட்டு நூலகத்துக்குப் பின்னால் போய் அழுதான்.

கொண்டு வந்த மாலையை வீட்டுக்குத் திரும்பக் கொண்டு போகக் கூடாது என்று வாய்க்காலில் விட்டார்கள். அவள் ஆற்றில் தலைமுழுகிவிட்டு வந்தாள். மகனை இழுத்துக்கொண்டு போவாள் என்று நினைத்தோம். பஸ் ஏறும்போது, "இங்கனயே இரு. வாரத்துக்கு ஒருவாட்டி வந்து மூஞ்சியக் காட்டிட்டுப் போ" என்றாள். வேலையைப் பற்றியும் வீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவனும் தலையை ஆட்டினான். அதற்குப் பிறகு ஒரு வாரம்கூட அவன் மலைக்குப் போகாமல் இருந்ததில்லை. பிற்பாடு அவனும் தட்டிக்காரனும் சேர்ந்து அம்பையில் போர்டு எழுதும் கடை போட்டார்கள். அவள் எஸ்டேட் வீட்டைக் காலி செய்ய வேண்டிய காலம் வந்தபோது, கடைக்குப் பின்னாலேயே ஒரு வாடகை வீடு பார்த்து அவளை இறக்கிக் கூட்டி வந்தான்.

எனக்கும் இப்போது வளர்ந்த மகன் இருக்கிறான். வாய்க்கு வாய் எதிர்த்துப் பேசுவான். எங்கள் அம்மா என்னைத் தினமும் வைத வார்த்தைதான், ஊரில் எந்தத் தாயும் யோசிக்காமல் சொல்கிற வார்த்தைதான், ஆத்திரத்தில் என் நாக்கு நுனிவரைக்கும் வரும். உடனே, சுவரைக் கட்டிக்கொண்டு நின்ற அந்த அம்மாவின் முதுகு கண்ணில் வந்து நிற்கும். கழுதை என்பேன், எருமை என்பேன், வீட்டை விட்டுப் போ என்றுகூடச் சொல்லியிருக்கிறேன். செத்துத் தொலை என்று மட்டும் இதுவரை என் பிள்ளையைப் பார்த்து நான் சொன்னதில்லை.