பங்கருக்குள் வைத்த விதை வெங்காயம்

புயல் வருகிறது என்று கிராம அலுவலர் விதானையார் மோட்டார் சைக்கிளில் வந்து சொல்லிவிட்டுப் போய்ப் பத்து நிமிடம் ஆகியிருக்காது, என் பை தயார். காணி உறுதி, அடையாள அட்டைகள், பிறப்புச் சான்றிதழ்கள், என் கணவருடைய பிரஷர் குளிசை, இரண்டு பேருக்கும் மாற்று உடுப்பு, ஒரு பிஸ்கட் பக்கற். எங்கள் ஊரில் எந்த வீட்டுப் பெண்ணையும் உலுப்பி எழுப்பி 'ஓடு' என்றால் பையோடுதான் ஓடுவாள். அதில் எங்களை அடிக்க ஆளில்லை. பையைக் கொண்டுவந்து வாசலில் வைத்த பிறகுதான் யோசித்தேன், எங்கே ஓடுவது? ஷெல் என்றால் வருகிற பக்கத்தைப் பார்த்து மற்றப் பக்கம் ஓடலாம். காற்றுக்கு எந்தப் பக்கம்? முழு யாழ்ப்பாணத்துக்கும் ஒரே காற்றுத்தானே.

"இஞ்சாருங்கோ, புயலுக்கு என்னப்பா செய்யவேணும்?" என்று இவரைக் கேட்டேன்.

"எனக்கென்ன தெரியும்? நான் என்ன கப்பலோ ஓட்டினனான்?" என்றார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஊரில் ஒருவருக்கும் தெரியாது. மாரி மழை தெரியும், இரண்டு வாழையை முறித்துப்போட்டுப் போகிற காற்றுத் தெரியும். அதற்கு மேல் நாங்கள் கண்டதில்லை. சுன்னாகம் சந்தைக்குப் போனவர்கள் பாணும் மெழுகுதிரியும் வாங்கி வந்தார்கள். பின் வளவுக்காரர் கூரையைக் கயிறு போட்டு மாமரத்தோடு கட்டினார். மரம் விழுந்தால் கூரையையும் கூட்டிக்கொண்டெல்லோ போகும் என்று கேட்டேன். அதோடு என்னுடன் கதையை நிறுத்திவிட்டார். என் வாய் அப்படி. நல்லதைச் சொன்னாலும் சண்டையாகத்தான் வந்து விழும்.

எங்களுக்குக் கூரை பெரிதில்லை. எங்களுடைய கவலை முழுவதும் கொட்டிலில் தொங்கிய விதை வெங்காயம்.

அதைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். எங்களுடைய காணி தெல்லிப்பழைக்கு வடக்கே இருக்கிறது. இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக அதற்குள் ஆமி இருந்தது. நாங்கள் அளவெட்டியில் ஒரு வீட்டில் வாடகைக்கு இருந்து, கம்பிவேலி வரைக்கும் வந்து பார்த்துவிட்டுத் திரும்புவோம். ஆமி காணியை விட்டுப் போனபோது வீடு இல்லை, கிணறு தூர்ந்து கிடந்தது, பாத்தி எது வரம்பு எது என்று தெரியாத பற்றைக்காடு. இவர் அறுபது வயதில் அதை வெட்டித் திருத்தினார். முதல் இரண்டு வருடமும் வெளியில் வாங்கிய விதையை நட்டோம். ஒன்றும் உருப்படியாக வரவில்லை. மூன்றாம் வருடம்தான் கைக்கு அடக்கமாய், சிவப்பாய், கல்லுப்போல வெங்காயம் விளைந்தது. இவர் ஒவ்வொன்றாய்த் தடவிப் பார்த்துத் தெரிந்தெடுத்து, தாளோடு சேர்த்துப் பிடி பிடியாய்க் கட்டி, கொட்டில் கூரை வளையில் தொங்கத் தூக்கினார். மார்கழியில் நடுவதற்கு. எங்கள் மண்ணில் விளைந்து எங்கள் மண்ணுக்கே திரும்பப் போகிற முதல் விதை அதுதான்.

கனடாவில் இருக்கிற மகன் கிழமைக்கு ஒருதரம் தொலைபேசி எடுப்பான். "அம்மா, அங்கை இருந்து என்ன செய்யிறியள்? இரண்டு பேரும் வாங்கோவன்" என்பான். எனக்குப் போக ஆசை. மறைப்பதில் என்ன இருக்கிறது? பேத்திக்கு நாலு வயது, நான் இன்னும் தூக்கவில்லை. இவரோடு அதற்காக எத்தனை நாள் பிணங்கியிருப்பேன். இவர் ஒரே பதில்தான் வைத்திருந்தார். "விதையைத் தூக்கிவைச்சிட்டு எப்பிடியப்பா போறது? நட்டுப் பாப்பம்." இந்த ஒரு போகம் சரி வந்தால் இந்த மனிசன் இனி அசையாது என்று எனக்குத் தெரியும்.

கொட்டில் நாலு மரமும் தகரமும். காற்று வந்தால் முதலில் போவது அதுதான்.

"வீட்டுக்குள்ளை கொண்டுவந்து கொடி கட்டித் தூக்குவம்" என்றார் இவர்.

"வீடும் தகரம்தானே! அது பறந்தால்?"

"அப்ப எங்கை வைக்கிறது?"

"பங்கருக்குள்ளை" என்றேன்.

காணியின் மூலையில் ஆமி கட்டிவிட்டுப் போன பங்கர் ஒன்று இருந்தது. பாதி நிலத்துக்குக் கீழே, பாதி மேலே, ஒரு முழத் தடிப்பில் சீமெந்துச் சுவர். இவர் வந்த நாளிலிருந்து அதை உடைக்கவேண்டும் என்று நின்றார். அதன் பக்கமே போகமாட்டார். நான்தான், கிடக்கட்டும், விறகு போட உதவும் என்று மறித்து வைத்திருந்தேன். இப்போது இவர் என் முகத்தைப் பார்த்தார்.

"ஷெல்லுக்கு நிக்கக் கட்டினது, காத்துக்கு நிக்காதோ?" என்றேன்.

இவர் கொட்டிலுக்குப் போய் முதல் பிடியை அவிழ்த்தார். எனக்கு நான் சொன்னது எவ்வளவு கெட்டித்தனமான கதையாகப் பட்டது! நாங்கள் பிழைத்துக் கிடந்ததெல்லாம் நிலத்துக்குக் கீழேதான். ஆபத்து என்றால் கீழே போ. அது எங்கள் உடம்பில் ஊறிய புத்தி. அந்த வளவில் யாரைக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள்.

பின்னேரம் முழுவதும் வெங்காயத்தைத் தூக்கிக் காவினோம். இவர் பங்கர் வாசல் வரைக்கும் கொண்டுவந்து தருவார், உள்ளே இறங்கமாட்டார். நான் குனிந்து உள்ளே நின்று, பலகை போட்டு, அதற்கு மேல் சாக்கு விரித்து, குழந்தைப்பிள்ளையைக் கிடத்துவதுபோல ஒவ்வொரு பிடியாய் அடுக்கினேன். காற்று மழையை அடித்து உள்ளே கொண்டுவரக்கூடாது என்று ஆமி துவக்கு நீட்டிச் சுடுகிற துவாரங்களை எல்லாம் சாக்கால் அடைத்தோம். வாசலுக்குத் தறப்பாள் கட்டி மண்மூட்டை அடுக்கினோம். மண்மூட்டை அடுக்க எங்களுக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை. வேலை முடிய எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பக்கத்துக் காணித் தம்பி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். அவருடைய விதையும் கொட்டிலில்தான் தொங்கியது. "நான் ஒண்டும் செய்யேல்லை அக்கா. தகரத்துக்கு மேலை நாலு பழைய லொறி ரயர் தூக்கிப் போட்டனான். வாறது வரட்டும்" என்றார். சோம்பேறி என்று மனதுக்குள் ஏசினேன்.

அடுத்த நாள் மழை தொடங்கியது. காற்று இப்போது வரும், இப்போது வரும் என்று வானொலி சொல்லிக்கொண்டே இருந்தது. முருங்கை ஒன்று முறிந்தது. அவ்வளவுதான் காற்று. ஆனால் மழை விடவில்லை. வானம் பொத்துக்கொண்டது போல ஒரே ஊற்று. இவர் இரண்டுதரம் குடையை எடுத்துக்கொண்டு எழும்பினார்.

"ஒருக்கால் பங்கரைப் பாத்திட்டு வாறன்."

"உங்களுக்கென்ன விசரே? காத்து வரப்போகுதெண்டு கத்துறாங்கள். மரம் கிரம் முறிஞ்சு விழுந்தால்? பேசாமல் இருங்கோ!"

இருந்தார். நான் சொல்லி இருந்தார். இரண்டுதரமும்.

எங்களுடையது செம்மண். எவ்வளவு மழை பெய்தாலும் குடித்துவிடும், முற்றத்தில் ஒரு மணித்தியாலம் தண்ணீர் நிற்காது. அந்த நம்பிக்கையில்தான் நாங்கள் எல்லோரும் இருந்தோம். குடித்த தண்ணீர் கீழே எங்கே போகிறது என்று நான் என் ஆயுளில் ஒருநாளும் யோசித்ததில்லை. மறுநாள் காலையில் கிணற்றடிக்குப் போனேன். கயிறு இல்லாமல் குனிந்து கையாலேயே வாளியில் மொள்ளலாம் போல விளிம்பு வரைக்கும் தண்ணீர் நின்றது. பங்கரும் பாதி நிலத்துக்குக் கீழேதானே. "ஐயோ, இஞ்சை வாங்கோவன்!" என்று கத்திக்கொண்டு ஓடினேன்.

மண்மூட்டைகளை இழுத்து எறிந்தோம். நாங்கள் கட்டிய தறப்பாளின் உட்பக்கம் சொட்டு நனையாமல் அப்படியே இருந்தது. மழை ஒரு துளி உள்ளே போகவில்லை. தண்ணீர் கீழால் வந்திருந்தது. இடுப்பளவு தண்ணீரில் பலகையும் சாக்கும் வெங்காயமும் மிதந்தன.

அன்றைக்கு இவர் பங்கருக்குள் இறங்கினார். காணி திரும்பக் கிடைத்த நாளிலிருந்து முதல்தடவை. இடுப்பளவு தண்ணீரில் நின்று ஒவ்வொரு பிடியாய் எடுத்து மேலே நீட்டினார், நான் வாங்கினேன். நான் அழுதுகொண்டே வாங்கினேன். அவர் அதைப் பார்க்கவில்லை.

கரண்ட் இல்லை, ஃபான் இல்லை, வெயில் இல்லை. விறாந்தை, கட்டில், சாப்பாட்டு மேசை எல்லாவற்றிலும் பரப்பினோம். மூன்றாம் நாள் விரலால் அமத்தப் புதைந்தது. நாலாம் நாள் வீட்டுக்குள் இருக்கமுடியாத நாற்றம். பக்கத்துக் காணித் தம்பியின் கொட்டிலில் ஒரு பிடிகூட நனையவில்லை. நாலு ரயர்! அந்த மனிசன் நல்லவர், தோளில் பத்துப் பிடியைப் போட்டுக்கொண்டு வந்தார்.

"அண்ணை, இதை நடுங்கோ. எனக்குக் காணும்."

"வேண்டாம் தம்பி" என்றார் இவர். "அது உம்மடை."

அதற்குப் பிறகும் இவர் ஒரு காரியம் செய்தார். மழை விட்டு வானம் வெளித்ததும், அழுகலுக்குள் கொஞ்சம் இறுக்கமாகக் கிடந்ததைத் தெரிந்தெடுத்து, இரண்டு பாத்தி கொத்தி நட்டார். வராது என்று எனக்குத் தெரியும், என்னைவிட அவருக்குத் தெரியும். பக்கத்தில் குந்தியிருந்து நானும் நட்டேன். இரண்டு கிழமை காலையும் மாலையும் போய்ப் பார்த்தார். ஒன்றுகூட முளை காட்டவில்லை.

நான் அவர் ஏசுவார் என்று காத்திருந்தேன். நாற்பது வருடம் உப்புக் கூடினாலும் குறைந்தாலும் ஏசிய மனிசன். நானாகவே ஒருநாள், "நான்தான் உங்களைக் கெடுத்தனான். வாய் விட்டு ஏசுங்கோவன்" என்றேன். "சாப்பாட்டைப் போடும்" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகன் எடுத்தான். வழக்கமாக நான்தான் கதைப்பேன். இவர் கையை நீட்டித் தொலைபேசியை வாங்கினார். "ஓம் தம்பி, நாங்கள் வாறம். பேப்பர் அலுவலைப் பார்" என்றார். மகன் சந்தோசத்தில் அங்கே கத்தியது எனக்கும் கேட்டது.

"அவசரப்படாதேங்கோப்பா, அடுத்த வருசம் பக்கத்துக் காணித் தம்பியிட்டை விதை வாங்கி நட்டுப் பாப்பம்" என்றேன். என் வாயால் அப்படிச் சொல்வேன் என்று நான் நினைத்ததே இல்லை.

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீர் ஆசைப்பட்டதுதானே" என்றார். "வாரும், போவம்."

அதில் கோபம் இல்லை. குத்தலும் இல்லை. இருந்திருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன்.