காவிரிக்கரையில் கேன் தண்ணீர்

காருக்குப் பளபளப்புப் பூச்சுப் போடும் செராமிக் கோட்டிங் தொழிலில் பூசுவது அரை நாள் வேலை. அதற்கு முன் காரைக் கழுவித் தேய்த்துத் தயார் செய்வது இரண்டு நாள் வேலை. அந்த இரண்டு நாளுக்குக் கூலி கேட்டுப் பாருங்கள், உங்களைத் திருடனைப் பார்ப்பது போலப் பார்ப்பார்கள். இதே பிழைப்பில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்?

துபாயில் பதினோரு வருஷம் இந்த வேலை பார்த்துவிட்டுப் பாபநாசத்தில் ஷெட் போட்டேன். ஒரு வருஷத்தில் கடை ஓடாவிட்டால் மறுபடி துபாய் என்று வீட்டில் பேச்சு. மகளுக்கு அப்போதுதான் என் முகம் பழகியிருந்தது.

தண்ணீர்

முதலில் வந்தவர் வலங்கைமான் ரைஸ்மில் முதலாளி. கோட்டிங் பாட்டிலைக் கையில் வாங்கி, "கண்ணு மருந்து மாதிரி இருக்கு, இதுக்கா இவ்வளவு?" என்றார். செலவு பாட்டிலில் மட்டும் இல்லை என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அழுக்கை இழுக்கும் களிமண் கட்டி, கீறல் எடுக்கும் காம்பவுண்டு, ஒரு காருக்குமேல் உதவாத துணிகள். எங்கள் போர் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைப் புள்ளி விழும் என்பதால், கடைசியாக அலச கேன் தண்ணீர்.

அதுவரை பொறுமையாகக் கேட்டவர் சிரித்துவிட்டார். "காவிரிக்கரையில உக்காந்துக்கிட்டு தண்ணிக்குக் காசு கேக்குற மொத ஆளு நீங்கதான் பாய்!"

போனவர் திரும்பி வரச் சில மாதங்கள் ஆயின.

சந்தனம்

அடுத்தவர் ஒரு வாத்தியார். புதுக் கார். பூசி முடித்து, ஏழு நாள் தண்ணீர் படக்கூடாது என்று மூன்று தடவை சொல்லி அனுப்பினேன். மனுஷன் நேராகக் கோயிலுக்குப் போய்ப் பூஜை போட்டு, பானட்டில் மூன்று இடத்தில் சந்தனம், குங்குமம் வைத்து, வெயிலில் நிறுத்திவிட்டார். மறுவாரம் மூன்று வட்டக் கறையோடு வந்தார்.

சந்தனம் வைக்காதீர்கள் என்று ஒரு பாய் எந்த வாயால் சொல்வது? சொல்லாதது என் தப்பு என்று என் செலவிலேயே பானட்டை மறுபடி தேய்த்துப் பூசிக் கொடுத்தேன். அவர் வருத்தமாகவே கேட்டார்: "தண்ணி படக்கூடாதுன்னுதான சொன்னீங்க, சாமி சந்தனம் படக்கூடாதுன்னு சொல்லலையே பாய்?"

உழவு

வருஷம் முடிய ஒரு மாதம் இருக்கும்போது ரைஸ்மில் முதலாளி திரும்ப வந்தார். தவிட்டுத் தூசியை டிரைவர் காய்ந்த துண்டால் துடைத்துத் துடைத்துக் கார் முழுக்கச் சன்னக் கீறல். "தேய்க்கிறதெல்லாம் வேணாம், பாதி ரேட்டுக்கு அப்படியே பூசி விடுங்க" என்றார். சேற்றுழவு ஓட்டாமல் நடவு நடுவீர்களா என்று மடக்கினேன்.

"இப்பல்லாம் நேரடி விதைப்புதான் பாய். சேத்துழவும் கிடையாது, நடவும் கிடையாது."

கடையை எப்படியாவது பிடித்துவைக்க வேண்டும் என்ற பயத்தில் பூசிவிட்டேன். தொழில் தெரிந்தே செய்த துரோகம் அது. வெயிலில் நிறுத்தியதும் பூச்சுக்கு அடியில் அத்தனை கீறலும் மினுமினுத்தது. பாதி ரேட்டுக்குத் தேய்க்காமல் பூசச் சொன்னதை மறந்துவிட்டு முதலாளி அந்தக் காரை ஊரெல்லாம் காட்டினார். "பாபநாசம் பாய் போட்ட கோட்டிங், நீங்களே பாத்துக்குங்க."

அதன்பிறகு ஒரு கார்கூட வரவில்லை.

விசா

ஷெட்டைக் காலி செய்த அன்று ரைஸ்மில் முதலாளியே வந்தார். மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன், முட்டாள். மகள் என் கைலியைப் பிடித்துக்கொண்டு விடாமல் நின்றிருந்தாள். அவர் அவள் கன்னத்தைத் தட்டிவிட்டுச் சொன்னார்: "துபாய்க்குப் போறதுக்கு முன்னாடி அந்தக் கீறல மட்டும் சும்மா எடுத்துக் குடுத்துட்டுப் போயிடுங்க பாய்."

காவிரிக்கரையில் தண்ணீருக்குக் காசு கேட்ட நான், இப்போது பாலைவனத்தில் கணக்கில்லாமல் தண்ணீர் ஊற்றிக் கார் கழுவிக்கொண்டிருக்கிறேன், யாரும் விலை கேட்பதில்லை.