என் கதைகளை முதலில் கேட்டவள்

அன்னலட்சுமி போய்விட்டாள். வெம்பக்கோட்டையில், மகன் வீட்டில், இன்று காலை... இப்போதுதான் போன் வந்தது.

உங்களில் யாருக்கும் அவளைத் தெரியாது. "உங்க முதல் வாசகர் யாரு மேடம்?" என்று இன்பாக்ஸில் கேட்பீர்களே, அது அவள்தான். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

அறுபதுகளின் தொடக்கம். எம். புதுப்பட்டியில் ஒரு பட்டாசு கம்பெனி. லேபிள் ஒட்டும் ஷெட்டில் நாங்கள் பக்கத்துப் பக்கத்தில் உட்காருவோம். இருவருக்கும் ஒரே வயது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில், நோட்டில் எழுதியதை வாசிப்பேன். மற்றவர்கள் "நல்லாருக்குளா" என்பார்கள். அன்னம் கொட்டாவி விடுவாள்.

"ஏளா, மழை எம்புட்டு நேரந்தான் பெய்யும்? அந்தப் பிள்ள கெணத்துல குதிச்சாளா இல்லையா, அதச் சொல்லு."

கோபம்தான் வந்தது. வீட்டுக்குப் போய் மழையை இரண்டு வரியாகக் குறைத்தேன். மறுநாள் வாசித்தபோது ஒருத்தியும் தூக்குச்சட்டியைத் திறக்கவில்லை.

முதல் கதை பத்திரிகையில் வந்ததும் என்னிடம் இருந்த ஒரே பிரதியை அவள்தான் வாங்கிப் போனாள். படிக்கத் தெரிந்த ஆளைப் பிடித்து, ஷெட் ஷெட்டாக வாசிக்கச் சொல்லியிருக்கிறாள். அட்டை கிழிந்து, பசை ஒட்டித் திரும்பி வந்தது.

அதற்குப் பிறகு முகம் தெரியாத பெண்களெல்லாம் வழியில் நிறுத்திக் கேட்டார்கள். "அடுத்த கத எப்பப் போடுவீக?"

அடுத்ததாக அவள் கதையையே எழுதினேன். மாப்பிள்ளை வீட்டார் நிச்சயத்தை முறித்த கதை. என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள். பெயரை மட்டும் மாற்றினேன், அவளிடம் கேட்கவில்லை.

பத்திரிகை வந்த அன்று வேறொருத்தி அதைச் சத்தமாக வாசித்தாள். பாதியிலேயே அது யார் கதை என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது... அன்னம் கடைசிவரை கேட்டாள்.

"நான் அன்னைக்கு அழுகல. மாட்டப் பிடிச்சுக் கட்டிட்டு கஞ்சி குடிச்சேன். எதுக்குளா கதையில என்னய அழுக வச்ச?"

மறுநாள் வேறு வரிசையில் போய் உட்கார்ந்தாள். தீபாவளி சீசன் முடியும்வரை என்னோடு பேசவில்லை.

சில வருடம் கழித்துக் கதைகளைப் புத்தகமாகப் போடக் கேட்டார்கள். அவள் அப்போது கல்யாணமாகி வெம்பக்கோட்டையில் இருந்தாள். நேரில் போய், அந்தக் கதையை எடுத்துவிடுகிறேன் என்றேன்.

"எதுக்கு எடுக்க? நடந்தத எழுது."

அங்கேயே உட்கார்ந்து திருத்தினேன். அழுகை போனது. மாடும் கஞ்சியும் வந்தன. வாசித்துக் காட்டினேன்.

"இப்பச் சரி. இருந்து சாப்பிட்டுப் போ" என்றாள்.

இன்றைக்கும் அந்தக் கதையைப் படித்துவிட்டுத்தான் பலர் எனக்கு எழுதுகிறார்கள்.

மாலையில் எடுக்கிறார்களாம். காரியாபட்டியிலிருந்து கிளம்பிவிட்டேன், காரில் இருந்துதான் இதை டைப் செய்கிறேன்.

வந்துகொண்டிருக்கிறேன் அன்னம்.