சுண்ணாம்பில் வரைந்த கப்பல்

ஒரு ட்ரில் வாத்தியார் மேல் பொறாமைப்பட்டு ஒரு வாரம் நான் சரியாகச் சாப்பிடவில்லை. பங்களா, பெரிய சம்பளம், சுருட்டைமுடி என்று உலகத்தார் பொறாமைப்படும் எதுவும் அவரிடம் இல்லை. அவரிடம் இருந்தது என் ஆறாம் வகுப்பு.

கப்பலேறி வந்த தமிழர்கள் நிறைந்த பிரிக்பீல்ட்ஸில் ஓர் இங்கிலீஷ் பள்ளியில் நான் சரித்திர ஆசிரியர். பையன்களில் பாதிப் பேர் ரயில்வே குவார்ட்டர்ஸ் பிள்ளைகள். குளிர் காய்ச்சலில் நான் கொய்னா மாத்திரை விழுங்கிக் கிடந்தபோது, தலைமையாசிரியர் என் வகுப்பை அவரிடம் கொடுத்துவிட்டார். பாடம், பிரிட்டனின் அடிமை வியாபாரம். பாடநூலில் அது ஒன்றரைப் பக்கம். அரைப் பக்கத்தில் கறுப்பர்களைக் கப்பலில் ஏற்றுவார்கள். மீதி ஒரு பக்கம் முழுக்கக் கருணையுள்ள வெள்ளைக்காரர்கள் அவர்களை விடுதலை செய்துகொண்டிருப்பார்கள்.

நான் தேறி வந்த அன்று வகுப்பு என்னை இப்படி வரவேற்றது:

"ட்ரில் சார் வரலையா சார்?"

ஓட்டப் பந்தயத்துக்குக் கோடு போடும் சுண்ணாம்பால் அவர் திடலில் ஒரு கப்பலை வரைந்து, அதற்குள் எல்லாரையும் நெருக்கிப் படுக்க வைத்தாராம். ஒருவன் புரண்டால் வரிசையே புரள வேண்டுமாம்.

"எங்கப்பா நாகப்பட்டினத்துலேருந்து இப்படித்தான் சார் வந்தாராம். கால நீட்ட முடியாதாம்."

"உங்கப்பா அவரா ஏறி வந்தாருடா. இவங்களுக்குச் சங்கிலி," என்றான் பக்கத்தில் இருந்தவன்.

என் வகுப்பில் இத்தனை வருஷத்தில் ஒருவனும் எதையும் இப்படிப் பிரித்துப் பார்த்ததில்லை. எனக்கு மறுபடியும் காய்ச்சல் வரும்போல் இருந்தது.

தலைமையாசிரியர் யாழ்ப்பாணத்துக்காரர். "பெடியளுக்கு அவரை நல்லாப் பிடிச்சுப் போச்சு. வாற கிழமை ஸ்கூல் இன்ஸ்பெக்டர் துரை வாறார். நீர் பாடம் எடும். அவருக்குத் திருப்தி எண்டால் சரித்திரம் உம்மோடயே இருக்கட்டும். இல்லாட்டிப் பாப்பம்," என்றார்.

சுண்ணாம்புக்கு எதிராக நான் படிப்பை இறக்கினேன். அந்தக் காலத்து லண்டனிலேயே கறுப்பர்கள் வேலைக்காரர்களாகவும் மாலுமிகளாகவும் வாழ்ந்ததை எங்கோ படித்திருந்தேன். சிலர் தம் கதையைத் தாமே எழுதி அச்சிட்டு, ஊர் ஊராகப் போய் அடிமை வியாபாரத்துக்கு எதிராகப் பேசியிருக்கிறார்கள். பாடநூலுக்குத் தெரியாத சங்கதி. கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்தேன்.

அன்று துரைக்கு நாற்காலி கொண்டுவந்து போட்டதே ட்ரில் வாத்தியார்தான். போட்டுவிட்டுப் போகாமல் வராந்தாவில் நின்றுகொண்டார். நான் பேசினேன். பையன்கள் வாய் பிளந்து கேட்டார்கள். முடிக்கும் நேரத்தில் ஒருவன் எழுந்து, பதற்றத்தில் தமிழிலேயே கேட்டான்.

"விடுதலை குடுத்தாச்சு சார். அப்புறம் அவங்களுக்குப் பதிலாத் தோட்டத்துல கரும்பு வெட்டினது யாரு?"

எனக்குப் புரிந்துவிட்டது. இது எனக்கு வைத்த கண்ணி.

"இதைக் கேக்கச் சொன்னது யாருடா?"

"ட்ரில் சார்தான். அவரைத்தான் மொதல்ல கேட்டோம். எனக்குத் தெரியாதுடா, உங்க சார் நெறையப் படிச்சவரு, அவரைக் கேளுங்கன்னாரு."

இந்த ஆள் நல்லவனாகவும் இருந்து தொலைக்கிறானே என்று எனக்கு இன்னும் எரிந்தது.

பதில் எனக்குத் தெரியும். சம்பளம் கொடுக்கும் சர்க்காரின் துரை முன்னால் சொல்லக்கூடிய பதில் அல்ல. மணியடிக்கும் என்று பார்த்தேன், அடிக்கவில்லை. வராந்தாவில் நின்றவரோ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எதிரில் எனக்குத் தெரியாது என்று சொல்வதைவிட வேலை போவது மேல். பொறாமை மனிதனை எவ்வளவு பெரிய வீரனாக்குகிறது என்பதை யாரும் சரியாக ஆராயவில்லை.

கேள்வியை இங்கிலீஷில் திருப்பிச் சொல்லி, பதிலையும் இங்கிலீஷிலேயே சொன்னேன். நம்மவர்கள். ஒப்பந்தத்தில் கைநாட்டு வாங்கி, மொரீஷியஸுக்கும் டிரினிடாடுக்கும் கப்பல் கப்பலாக ஏற்றினார்கள். விடுதலைக்கு அடுத்த பக்கம் அதுதான்; உங்கள் புத்தகத்தில் அச்சாகவில்லை.

துரை புன்னகையோடு தலையாட்டி, மிகவும் திருப்தி என்று சொல்லி எழுந்தார். "சரித்திரம் உமக்குத்தான்," என்றார் துரையிடம் கேட்டுக்கொண்டு வந்த தலைமையாசிரியர். அடிமைத்தனத்தை நானே சட்டம் போட்டு ஒழித்தவன்போல் தலையை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

துரையைக் கார் வரைக்கும் கொண்டுபோய் விட்டுத் திரும்பிய ட்ரில் வாத்தியார் நேராக என்னிடம் வந்தார்.

"பிரமாதமாப் பேசினீங்க அண்ணே. ஆனா துரைக்கு உங்க பக்கம் இருந்த காது சுத்தமாக் கேக்காதாம், சண்டையில போச்சாம். மொதல்லயே தெரிஞ்சிருந்தா நாற்காலியத் திருப்பிப் போட்டிருப்பேன்."